ஐந்து மாட்டுச் சாணத்தில் இரண்டு அடுப்பு: வீட்டில் எரிவாயுக் கலன் அமைப்பது எப்படி

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் ஐந்து பேர், தொழுவில் ஐந்து மாடு. 2022 வரை சமையலுக்குச் சிலிண்டர், வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் உடைமர விறகு என்று ஓடிக்கொண்டிருந்தது. கயத்தாறு பக்கம் போனாலும் பணகுடி பக்கம் போனாலும் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை சுற்றுகிறது. எங்கள் அடுப்படிச் சுவர் மட்டும் கரிப்பிடித்தே கிடந்தது. அம்மாவுக்கு இருமல் விடாமல் பிடித்த வருடம்தான் சாண எரிவாயுக் கலன் போடுவதென்று முடிவு செய்தேன். மூடிய கலனுக்குள் சாணக் கரைசல் நொதித்து வாயு உண்டாகும், அதைக் குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

கலன் கட்டியது சுலபமாக முடிந்தது. குழாய்தான் ஒன்றரை மாதம் அலைக்கழித்தது. அந்த இடத்தில் நீங்களும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சாணத்தை நிறுங்கள்

எல்லோரும் மாட்டை எண்ணுவார்கள். அது போதாது. நாள்தோறும் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். ஒரு மாடு ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ போடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் மேய்ச்சலுக்குப் போகிற மாட்டின் சாணத்தில் பாதி வாய்க்கால் வரப்பிலேயே விழுந்துவிடும். அதனால் தொழுவில் விழுவதை மட்டும் ஏழு நாள் வாளியோடு தராசில் வைத்துப் பாருங்கள். எங்களுக்குச் சராசரி 48 கிலோ வந்தது. அதை வைத்து 2 கன மீட்டர் கலன், அதாவது நாளைக்கு அவ்வளவு வாயு தரும் கலன், போட்டோம்.

பக்கத்து வீட்டுச் சாணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பெரிய கலன் கட்டாதீர்கள். அவர்கள் மாட்டை விற்றுவிட்டால் உங்கள் கலன் பட்டினி கிடக்கும். சாணம் குறைந்த பெரிய கலனைவிட நிறைந்த சின்னக் கலன் நன்றாக வேலை செய்யும்.

ஒரு கன மீட்டர் சாண எரிவாயு ஏறக்குறைய 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். 2 கன மீட்டர் முழுசாகக் கிடைத்தால் மாதத்துக்கு 27 கிலோ, அதாவது இரண்டு சிலிண்டருக்குச் சற்றுக் குறைவு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செங்கல், சிமெண்ட், கூலி, குழாய், அடுப்பு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 58,000 ரூபாய் ஆனது. முன்பு வருடத்துக்கு ஒன்பது சிலிண்டர் வாங்கினோம், இப்போது அவசரத்துக்கு இரண்டு. சிலிண்டர் ஆயிரம் ரூபாய் என்று வைத்து, விறகுச் செலவு மூவாயிரத்தையும் சேர்த்தால், போட்ட பணம் திரும்ப ஆறு வருடம் ஆகும். இரண்டே வருடத்தில் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கலனின் கழிவாக வெளியே வந்து வாழைக்கும் நெல்லுக்கும் போகிற உரத்தைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் வீட்டுக் கலன்களுக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. இப்போதும் உண்டா என்று குழி தோண்டும் முன்பே வட்டார அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

எந்த மாதிரி?

மிதக்கும் தொட்டி மாதிரி ஒன்று உண்டு. இரும்புத் தொட்டி வாயு சேரச் சேர மேலே ஏறும், எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். ஆனால் தொட்டி துருப்பிடிக்கும், அடிக்கடி பெயின்ட் அடிக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது தீனபந்து மாதிரி. 1984இல் வந்த வடிவம் இது. முழுக்கச் செங்கல், தரைக்குள் புதைந்த குவிமாடம், அசையும் பாகம் எதுவும் கிடையாது. நல்ல கொத்தனார் கிடைத்தால் இதைத்தான் போடுங்கள். இரண்டு மாடுதான் என்றால் ஃபைபரில் ஆயத்தமாக வரும் சின்னக் கலன் போதும்.

இடம்

தொழுவுக்குப் பக்கம், வெயில் படும் இடம், கிணற்றிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி. புளி, வேம்பு எதுவும் அருகில் வேண்டாம், வேர் சுவரைப் பிளந்துவிடும். அடுப்படி இருபது மீட்டருக்குள் இருந்தால் நல்லது. நம்ம ஊர் வெயில் இதற்குத் தோதானது. சாணத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு 30 முதல் 35 டிகிரி வெப்பம் இதமாக இருக்கும். குற்றாலச் சாரல் நாளிலும் மார்கழியிலும் வாயு கொஞ்சம் குறையும், நிற்காது.

கட்டுமானம்

இதைக் கொத்தனார் பார்த்துக்கொள்வார். முன்பே இரண்டு மூன்று கலன் கட்டியவரைத் தேடிப் பிடியுங்கள், அவர் கட்டிய ஒன்றையாவது நேரில் போய்ப் பாருங்கள். குவிமாடத்தின் உள்பூச்சில் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து நாளாவது தண்ணீர் ஊற்றி நனைத்து வையுங்கள்.

பூச்சு காய்ந்ததும் கசிவுச் சோதனை. மேல் வால்வைத் திறந்துவைத்துக் கலனில் தண்ணீர் நிரப்புங்கள். ஓரிரு நாளில் சுவர் குடிக்க வேண்டியதைக் குடித்துவிடும். அப்புறம் வால்வை மூடி இன்னும் தண்ணீர் விட்டால் உள்ளே இருக்கும் காற்று அழுந்தும். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை ‘ப’ எழுத்தைக் கவனமாக எழுதியதுபோல வளைத்துக் கட்டி, நீலம் கலந்த தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் குறி போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் குறி பெரிதாக இறங்காமல் இருந்தால் கொத்தனாருக்கு மீதிக் கூலியைக் கொடுக்கலாம்.

இந்தச் சோதனையை ஏன் விடக் கூடாது என்றால், உள்ளே உருவாவதில் பாதிக்கு மேல் மீத்தேன். அது எரிந்தால் கரியமில வாயுவும் தண்ணீரும்தான், அந்தக் கரியும் மாடு தின்ற புல்லிலிருந்து வந்ததே. எரியாமல் கசிந்தால், நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 27, 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். கசியும் கலன் காசுக்கும் கேடு, காற்றுக்கும் கேடு.

முதல் நிரப்பு

சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி. 2 கன மீட்டர் கலனுக்கு முதல் தடவை ஏறக்குறைய இரண்டு டன் சாணம் வேண்டும், அதனால் கட்டும்போதே சேர்த்து வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற வேறொரு கலனிலிருந்து நாலைந்து டிரம் கரைசல் கொண்டுவந்து ஊற்றினால் சீக்கிரம் நொதிக்கும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான்.

வைக்கோல், வாழை நார், தேங்காய் நார் எல்லாம் கையாலேயே பொறுக்கி எடுங்கள். தொழு கழுவிய பினாயில் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. மாட்டுக்கு ஊசி போட்டிருந்தால் சில நாள் அதன் சாணத்தை எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

முதலில் வருகிற வாயு எரியாது. அதில் கரியமில வாயு அதிகம். ஒன்றிரண்டு தடவை வெளியே விட்டுவிட்டு அடுப்பில் பற்றவைத்துப் பாருங்கள். கலனின் வாயில் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. கலனுக்குள் எக்காரணம் கொண்டும் ஆள் இறங்கவும் கூடாது. உள்ளே மூச்சுக் காற்று இருக்காது, ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் போய்விடுவார்.

குழாய்: இங்கேதான் நின்று கவனிக்க வேண்டும்

எங்கள் அடுப்பு முதல் மூன்று வாரம் அருமையாக எரிந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் தீ துடிக்க ஆரம்பித்தது. எழும்பும், அடங்கும், திரும்ப எழும்பும். ஒரு வாரத்தில் தோசைக்கல் காயக்கூட முடியவில்லை. சாணம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கெட்டியாகக் கரைத்து ஊற்றினேன். கலக்கும் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. குவிமாடத்தில் விரிசல் விட்டுவிட்டது என்று நினைத்து மேல் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் விறகை எடுத்துப் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் கொத்தனார் அண்ணாச்சி வந்தார். கலன் பக்கம் போகவே இல்லை. தொழுவுக்கும் அடுப்படிக்கும் நடுவில் குழாய் தொங்குகிற இடத்தில் குனிந்து காதை வைத்தார். “கேஸ் எல்லாம் இருக்குல்லா தம்பி. வழியிலதான் தண்ணி கெடக்கு. நீங்களே கேளுங்க” என்றார். நானும் காதை வைத்தேன். குளுக், குளுக் என்று குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம். இணைப்பைக் கழற்றியதும் அரை வாளித் தண்ணீர் கொட்டியது.

காரணம் இதுதான். கலனிலிருந்து வருகிற வாயு ஈரத்தோடு வருகிறது. ராத்திரி குழாய் குளிரும்போது அந்த ஈரம் தண்ணீராக மாறி, குழாய் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே தங்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு நாள் வழியையே மூடிவிடும்.

செய்ய வேண்டியது:

1. கலனிலிருந்து அடுப்பு வரை குழாய் ஒரே சாய்வாக ஏற வேண்டும், அப்போது தண்ணீர் கலனுக்கே திரும்பும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வு போதும். கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.
2. நடுவில் இறக்கம் தவிர்க்க முடியாவிட்டால், இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் ‘டீ’ (T வடிவ) இணைப்பு போட்டு, கீழ்நோக்கி ஒரு அடிக் குழாயும் அதன் நுனியில் ஒரு வால்வும் வையுங்கள். வாரம் ஒரு முறை, அடுப்பு அணைந்திருக்கும்போது, கலன் வால்வை மூடிவிட்டு இதைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் இருமுறை.
3. மேலே கட்டிப் போகும் குழாய்க்கு ஒன்றரை மீட்டருக்கு ஒரு தாங்கல். எங்கள் குழாய் வெயிலில் இளகித் தொங்கியதற்குக் காரணமே தாங்கல் இல்லாததுதான்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சைக் குழாயைப் போடவே போடாதீர்கள், வெயிலில் ஒரு வருடத்தில் வெடித்துவிடும். கறுப்பு ஹெச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் உழைக்கும். வால்வு பித்தளையில் வாங்குங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அழுகின முட்டை நாற்றம் அடித்தால் அது கசிவுதான், ஜன்னலைத் திறந்துவிட்டு வால்வை மூடுங்கள்.

அடுப்பு

பழைய சிலிண்டர் அடுப்பின் துளையை டிரில்லில் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாண எரிவாயுவுக்கு அழுத்தமும் குறைவு, சூடும் குறைவு. அதற்கேற்ற துளையும் காற்று வழியும் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சாண எரிவாயு அடுப்பாகவே வாங்குங்கள். தீ நீலமாக, நிதானமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் காற்று வழியைத் திறந்துவிடுங்கள், தீ பர்னரை விட்டு எழும்பி நின்றால் குறையுங்கள்.

கழிவு

வெளியே வருகிற கரைசலில் நாற்றம் இல்லை, ஈ மொய்ப்பதில்லை. நாங்கள் வாய்க்கால் தண்ணீரோடு கலந்து வாழைக்கு விடுகிறோம். பச்சைச் சாணத்தோடு வந்த களை விதையும் பெரும்பாலும் செத்துப்போய்விடுகிறது.

சேர்க்கை 1: மானூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், கரிசல் மண்ணில் கட்டிய கலனில் முதல் கோடையிலேயே விரிசல் விட்டது என்று எழுதியிருந்தார். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அங்கே குழியை ஒரு அடி அகலமாகவே தோண்டி, சுவரைச் சுற்றி ஆற்று மணலோ சரளையோ போட்டு நிரப்பி, அதன் பிறகு மண் மூட வேண்டும். திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணுக்கு, அதாவது செம்மணலுக்கு, வேறு தொல்லை. குழியின் பக்கம் சரியும், தோண்டும்போதே சரிவாக வெட்டிக்கொள்ளுங்கள்.

சேர்க்கை 2: 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் சிலருடைய கலனுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கழிவை வெளியேற்றும் தொட்டி வழியாகத்தான் பெரும்பாலும் புகும். உள்ளே இருந்த கரைசல் நீர்த்துப்போனால் வாயு நின்றுவிடும், பாதியை இறைத்துவிட்டுச் சாணத்தையும் வேறு கலனின் கரைசலையும் புதிதாக ஊற்ற வேண்டியதுதான். ஆற்றோரத்தில் கட்டுகிறவர்கள் சாணம் கலக்கும் தொட்டி, கழிவை வெளியேற்றும் தொட்டி இரண்டின் விளிம்பையும் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். உயர்த்துவதற்கு முன் கொத்தனாரிடம் கலனின் அளவுகளையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், வாயுவின் அழுத்தம் அந்த மட்டத்தைப் பொறுத்தது.

சேர்க்கை 3: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அக்கா, மாடு இல்லை, காய்கறிக் கழிவும் வடித்த கஞ்சியும் மட்டும் போட்டால் ஆகுமா என்று கேட்டிருந்தார். ஒரு கன மீட்டர் ஃபைபர் கலனில் ஆகும். முதல் நிரப்பு மட்டும் சாணமாக இருக்கட்டும் என்றேன். அவரும் போட்டார். எலுமிச்சைத் தோலும் புளித்த மிச்சமும் சேர்ந்துவிட்டதால் அவருக்கு மூன்றாம் வாரமே வாயு நின்றுபோனது. ஒரு வாரம் எதுவும் போடாமல், இரண்டு வாளி சாணக் கரைசல் மட்டும் ஊற்றச் சொன்னேன். பத்தாம் நாள் திரும்பவும் எரிகிறது என்று எழுதியிருக்கிறார். இப்போது கஞ்சியைப் பாதியாகக் குறைத்திருக்கிறாராம்.