குஞ்சுத் தடுப்புக்குள் சூடு நிலைத்த விதம்

எங்கள் ஊரில் மின்னழுத்தம் சாயங்காலம் இறங்கும், நள்ளிரவுக்குமேல் ஏறும். சூட்டுக்காக மாட்டிய பல்பும் அதோடு சேர்ந்து தணியும், கொதிக்கும். அதனால் இரவில் பல்புக்கடியில் குவிந்து கிடக்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகள், விடியற்காலையில் தகரத் தடுப்பின் ஓரத்தில் வாய் பிளந்து மூச்சு வாங்கும். தெர்மாமீட்டர் சொல்வதற்கு முன்பே குஞ்சுகள் சொல்லிவிடும்.

ஒரே 200 வாட்ஸ் பல்பைக் கழற்றிவிட்டு, மூன்று 60 வாட்ஸ் குண்டு பல்புகளை மாட்டினேன். குஞ்சுக்கு 2 வாட்ஸ் என்ற கணக்கில் இது 90 குஞ்சுகளுக்குச் சரி. (எல்இடி உதவாது, வெளிச்சம்தான் வரும்.) இரண்டு பல்புகள் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துத் தானாகவே பல்பை அணைத்து எரியவிடும் கருவி) வழியாக, மூன்றாவது எப்போதும் எரியும். எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தால் குஞ்சுகள் இருட்டில் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும்.

தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சாரை வைக்கும் இடம்தான் முக்கியம். குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும், மேலே கட்டினால் பல்பின் சூட்டைத்தான் காட்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கிறேன். தடுப்பு வட்டமாகவும் கொஞ்சம் அகலமாகவும் இருந்தால் சூடு தாங்காத குஞ்சு விலகிக்கொள்ளும்.

கீழே இருப்பது காய்ந்த உமி. பல்பு விழுந்தால் தீதான். பிளாஸ்டிக் ஹோல்டர் இளகிவிடும் என்பதால் பீங்கான் ஹோல்டர் வாங்கினேன். ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டி, சங்கிலி அறுந்தாலும் தாங்க ஒரு கட்டுக்கம்பியும் தனியாகக் கட்டியிருக்கிறேன். மின்வெட்டுக்கு, எப்போதும் எரியும் அந்த ஒரு பல்பு மட்டும் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. மேலே சாக்குப் போர்வை, பல்பில் படாமல், ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விட்டு.