அலை அலையாக வரும் பலகை: சொந்தமாக மர அறுவை மெஷின் செய்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

வெல்டிங் மெஷின் கையில் இருக்கிறது, யூடியூபில் ஒருவர் செய்து காட்டுகிறார், தோட்டத்தில் ஒரு வாகை சாய்ந்து கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பையன்கள் பேண்ட்சா (இரண்டு வீலில் பெல்ட் போல ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் மெஷின்) செய்யக் கிளம்ப இது போதும். கிளம்பட்டும், நல்ல வேலைதான். கண்ணாடி போடு, தொளதொள சட்டை வேண்டாம் என்பதையெல்லாம் வீட்டுப் பெண்களே சொல்லிவிடுவார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் பணத்தைத் தொலைத்த அதே இடங்களில் இவர்களும் தொலைப்பதைப் பார்க்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

பிளேடின் இழுவையைக் கைமதிப்பில் வைப்பது

மற்றதெல்லாம் போகட்டும், இது மட்டும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு தம்பி கூப்பிட்டார். பூவரசந்தடி. பலகை நடுவில் ஏறி, ஓரத்தில் இறங்கி, இரண்டு நூல் (கால் அங்குலம்) அலை. கழற்றிப் போட்ட பிளேடுகள் கொட்டகை மூலையில் வளையம் வளையமாகக் கிடந்தன.

"பிளேடு சரியில்லண்ணே. எதை மாட்டினாலும் இப்படித்தான் வருது."

"எப்ப இறுக்கினே?"

"காலையில மாட்டும்போதே நல்லா இறுக்கிட்டேண்ணே."

அப்போது உச்சிவெயில். கோளாறு பிளேடில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். நாம் மாட்டுவது ஒன்றேகால் அங்குல அகலம், சுமார் 1.1 மி.மீ. கனம், ஏறக்குறைய 4 மீட்டர் நீளமுள்ள பிளேடு. நேராக அறுக்க அதற்குச் சதுர மில்லிமீட்டருக்கு 10 கிலோ அளவில் இழுவை வேண்டும். மேல் பக்கம் 350 கிலோ, கீழ்ப் பக்கம் 350 கிலோ, ஆக வீலை 700 கிலோ பலத்தில் தள்ளிப் பிடிக்க வேண்டும். அத்தனை பலத்துக்கும் அந்த 4 மீட்டர் பிளேடு நீள்வது வெறும் 2 மி.மீ. இப்போது பிளேடில் காலையில் இருந்ததைவிட 40 டிகிரி சூடு கூடினால் எவ்வளவு வளரும்? அதுவும் கிட்டத்தட்ட 2 மி.மீ. காலையில் போட்ட இழுவை அவ்வளவும் போயே போச்சு. பிளேடு வீலில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பார்த்தால் தெரியாது. கணு வந்ததும் ஒதுங்கி வளைந்து போகும்.

அதனால் வெறும் போல்ட்டை வைத்து இறுக்காதீர்கள். போல்ட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கனமான ஸ்பிரிங் ஒன்று வேண்டும். பிளேடு நீளும்போது ஸ்பிரிங் பின்னாலேயே தள்ளிக் கொடுக்கும். எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று கோடு போட்டு வைத்தால் அதுவே உங்கள் அளவுமானி. ஸ்பேனரைத் திருப்பும்போது கைக்குத் தெரியும் கனத்தை நம்புவதில் பயனில்லை. கிரீஸ் போட்ட மரையில் வரும் இழுவை வேறு, துருப்பிடித்த மரையில் வரும் இழுவை வேறு.

இன்னொன்று: இரண்டு வீலும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பதை, இறுக்கிய பிறகு செய்யுங்கள். 700 கிலோவில் சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும். தளர்வாக இருக்கும்போது பார்த்த நேர்த்தி அப்போது இருக்காது.

தண்ணீருக்கு வருகிறேன். தம்பியின் மெஷினில் கேன் தொங்கியது, குழாயை மூடி வைத்திருந்தார். "தண்ணி விட்டா தூள் ஒட்டுதுண்ணே." ஒட்டட்டும்! சொட்டுச் சொட்டாக விழுந்தால் போதும், பிளேடு சூடேறாது, பாலும் பிசினும் படியாது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். சூட்டில் இறுக்கிய பிளேடு இரவில் குளிர்ந்து சுருங்கும்போது தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். பல்லடியில் விரிசல் விடுவதற்கு அது ஒரு காரணம்.

இரண்டு நூல் அலையை இழைத்துச் சரிசெய்யலாமே என்பார்கள். மேலே இரண்டு நூல், கீழே இரண்டு நூல் எடுத்தால் எட்டு நூல் பலகையில் மிச்சம் நாலு. ஒரு அங்குலப் பலகை அரை அங்குலமாகிப்போகும். மரம் யார் வீட்டுச் சொத்து?

பழைய உத்திரத்தைத் தடவிப் பார்க்காமல் ஏற்றுவது

நம்மூரில் இடிக்கிற வீடுகளிலிருந்து பர்மா தேக்கு வருகிறது. அதனுள் தலை போன ஆணிகள் உட்கார்ந்திருக்கும். ஒரு ஆணி பட்டால் அந்த பிளேடின் பற்கள் அவ்வளவுதான். கையடக்க மெட்டல் டிடெக்டரால் நாலு பக்கமும் தடவுங்கள். மரத்தில் கறுநீலக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலடி வேம்பு, மாடு கட்டிய புளி, கொடிக்கம்பி கட்டிய மாமரம் எல்லாவற்றுக்கும் இதே சந்தேகம் வேண்டும். வேலைப்பாடுள்ள தூணாக இருந்தால் அறுக்கவே வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். அதைப் பலகையாக்குகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

தண்டவாளத்தை வெறும் செம்மண்ணில் வைப்பது

அறுக்கும்போது பிளேடும் வீலும் உள்ள சட்டம் ஓடுவது இந்தத் தண்டவாளத்தின் மேல்தான். முதல் மழைக்கு ஒரு பக்கம் இறங்கும், பலகை ஒரு முனையில் தடிக்கும். கீழே கான்கிரீட் போட்டு, டியூப் மட்டம் பிடித்து வையுங்கள். வெல்டிங்கை ஒரே இழுப்பில் ஓட்டாமல் அங்கங்கே மாற்றி மாற்றிப் பொட்டு வையுங்கள். சூட்டில் தண்டவாளத்து இரும்புச் சேனல் வில்லாக வளைந்தால் அதை நிமிர்த்துவது பெரிய பாடு.

சிறிய வீல்

19 அங்குலத்துக்குக் குறையாதீர்கள். சிறிய வீலில் பிளேடு அதிகம் வளைந்து சீக்கிரம் அறும்.

பம்புசெட்டு இணைப்பில் மோட்டாரை மாட்டுவது

விவசாயத்துக்கு என்று கொடுத்த இலவச மின்சாரம் அது. கூடவே கூடாது.

உரிமம்

ஊராருக்குக் கூலிக்கு அறுக்கத் தொடங்கினால் அது வாள்பட்டறைதான். வனத்துறை அலுவலகத்துக்கு முதலில் போய் வாருங்கள், மெஷின் பிறகு.

அறுத்ததை வெயிலில் பரப்புவது

வேண்டாம். நிழலில் அடுக்கி, நடுநடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் கொடுத்து, முனைகளில் பெயின்ட் பூசி, மேலே பாரம் வையுங்கள்.