ஏரிக்கரைச் செடிகளை அடையாளம் கண்டு பதிவு செய்வது எப்படி?

செடியைப் படம் பிடித்து ஆப்பில் போட்டால் ஒரு பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் சரிதானா என்று சொல்ல, படத்தில் ஏதாவது இருக்க வேண்டுமே! பெரும்பாலும் பூ மட்டும்தான் இருக்கும். தண்டு, கணு, காய், செடி நின்ற மண் எதுவும் தெரியாது. அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், செடியையும் இடத்தையும் முதலில் எழுதுங்கள். குறிப்பு நன்றாக இருந்தால், தவறாக வைத்த பெயரை எப்போது வேண்டுமானாலும் யாராவது திருத்திவிடுவார்கள். குறிப்பு இல்லாத பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

1. பக்கத்து ஏரிக்கரையில் தொடங்குங்கள்

மலைக்காடு வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதோடு, அவ்வளவு வகைகளை ஒரே நாளில் பார்த்தால் தலை சுற்றும். ஏரிக்கரை போதும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் கார்த்திகை, மார்கழியில் போனால் சின்னச் செடிகள் பூவும் காயுமாக நிற்கும். அதே கரைக்குச் சித்திரையிலும் ஒருமுறை போங்கள். எது காய்ந்தது, எது தாங்கி நிற்கிறது என்பதும் பதிவுதான்.

கையில் ஒரு நோட்டு, பென்சில் (ஈரம் பட்டால் பேனா எழுத்து கலங்கிவிடும்), 15 செ.மீ. ஸ்கேல், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், போன். இவ்வளவுதான்.

2. இடத்தை எழுதுங்கள்

ஊர், தேதி, ஜிபிஎஸ் புள்ளி. பிறகு மண்: செம்மண்ணா, கரிசலா, களரா? வெயிலா நிழலா? தண்ணீரிலிருந்து எத்தனை அடி?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரே கரையில் மேலிருந்து கீழே இறங்கினாலே செடிகள் மாறும். காய்ந்த மேட்டில் நெருஞ்சியும் விஷ்ணுகிராந்தியும் இருக்கும். சரிவில் தும்பை, நாயுருவி, குப்பைமேனி. தண்ணீர் ஓரத்து ஈரத்தில் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி. பக்கத்தில் என்னென்ன நிற்கின்றன என்றும் எழுதுங்கள். சீமைக்கருவேலம், பார்த்தீனியம், நெய்வேலிக் காட்டாமணக்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவியவை. அவற்றை “வெறும் களை” என்று தள்ளிவிடாமல் எழுதி வைத்தால்தான், கரை வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்பது தெரியவரும்.

3. ஒரு செடியை நிதானமாகப் பாருங்கள்

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்த செடி என்றுதான் நினைப்போம்.

அதன் பக்கக்கிளை பார்வைக்குப் புளியிலை போல ஒரே கூட்டிலையாக (பல சிற்றிலைகள் சேர்ந்த ஓர் இலை) தெரியும். கிளையைத் திருப்புங்கள். அடிப்பக்கத்தில், ஒவ்வொரு இலையும் கிளையோடு சேரும் மூலையில் பூவோ காயோ தொங்கும். இலைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள மூலையில் மொட்டு வரும்; கூட்டிலையின் சிற்றிலை மூலையில் வராது. ஆக, இது கூட்டிலை இல்லை, தனி இலைகள் வரிசையாக அமைந்த கிளை. இந்தச் சோதனை எந்தச் செடிக்கும் உதவும்.

இப்போது அக்கம்பக்கம் பாருங்கள். தண்டு சிவந்து, ஏறக்குறைய இதே தோற்றத்தில் இன்னொன்று நிற்கலாம். கீழாநெல்லி (ஃபில்லாந்தஸ் அமாரஸ்) காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு இருக்கும். சிவப்புக் கீழாநெல்லி (ஃபில்லாந்தஸ் யூரினேரியா) காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டியிருக்கும். லென்ஸ் வைத்துப் பூவின் புறவிதழ்களை (வெளிவட்ட இதழ்களை) எண்ணுங்கள்: முன்னதில் 5, பின்னதில் 6. மேலாநெல்லி (ஃபில்லாந்தஸ் மடராஸ்பட்டென்சிஸ்) என்றால் நடுத்தண்டிலேயே இலைகள் இருக்கும், அடி குறுகி நுனி அகன்று. மஞ்சள்காமாலைக்கென்று மக்கள் தேடிப் பறிக்கும் செடி கீழாநெல்லி. ஆகவே இந்த வேறுபாடுகளை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவற்றுக்கும் இதே முறைதான். தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டை தட்டுப்பட்டு, இலைகள் எதிரெதிராக நின்று, பூ இரண்டு உதடாகப் பிரிந்தால் துளசிக் குடும்பமாக இருக்கலாம். தும்பை அப்படித்தான். கிள்ளினால் பால் வருகிறதா (அம்மான்பச்சரிசி, எருக்கு)? கசக்கினால் மணக்கிறதா?

வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். செங்காந்தள் கிழங்கும் குன்றிமணி விதையும் உயிரைப் பறிக்கும் நஞ்சு. காஞ்சொறியும் பூனைக்காலிக் காயும் தொட்டாலே அரிக்கும். தெரியாத செடியைத் தொடுவதற்கு முன் குச்சியால் விலக்கிப் பாருங்கள்.

4. படம்

முழுச் செடி, சுற்றுப்புறத்தோடு. இலையின் மேற்புறம், அடிப்புறம். கணு. பூ முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும். காய். ஏதாவது ஒரு படத்தில் ஸ்கேல் இருக்கட்டும். பிடுங்கத் தேவையில்லை.

5. இப்போது பெயர்

ஆடு மேய்ப்பவரோ வயலில் வேலை செய்பவரோ பக்கத்தில் இருந்தால், “இதை இங்க என்னன்னு சொல்வீங்க?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே, ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் அறிவியல் பெயரும் வேண்டும். ஆப் சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பேரினம் (அறிவியல் பெயரின் முதல் சொல்) வரைதான் உறுதி என்றால் அதோடு நிறுத்துங்கள்; “ஃபில்லாந்தஸ், இனம் தெரியவில்லை” என்பது நேர்மையான, பயனுள்ள பதிவு.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் போன்ற இடங்களில் உலர்த்தி ஒட்டிய செடிகளைப் பாதுகாக்கிறார்கள். பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தாளின் மூலையிலுள்ள லேபிளை வாசியுங்கள். இடம், தேதி, சேகரித்தவர் பெயர், செடி நின்ற சூழல், பூவின் நிறம். காய்ந்தால் நிறம் போய்விடும் என்பதால்தான் அதையும் எழுதுகிறார்கள். உங்கள் நோட்டிலும் அதே வரிசையைப் பின்பற்றலாம்.

6. பகிர்தல்

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்று உயிரினப் பதிவுகளைப் பகிரும் இணையதளங்கள் இருக்கின்றன; இரண்டிலும் பதிவேற்றலாம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். யாராவது நட்டு வளர்த்த செடி என்றால் அதைக் குறிப்பிடுங்கள். பிறகு குன்றுப் பக்கம் போகத் தொடங்கும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். மாகாளிக் கிழங்கு ஊறுகாய்க்காகத் தோண்டித் தோண்டியே காட்டில் அருகிவிட்டது. அப்படிப்பட்ட செடியைக் கண்டால் ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டுப் பதிவேற்றுங்கள். சரியான புள்ளி உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.