டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடுவது எப்படி? பல்லை விட ஈறைப் பாருங்கள்

எங்கள் பையனுக்கு 11 வயது. போன வருடம் கீழ் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. பால் பல்தானே, விழுந்தால் முளைக்கும் என்று விட்டுவிட்டேன். பல் டாக்டர் பார்த்துவிட்டு, அது நிலைப்பல் என்றார். வாயில் ஒரு சொத்தைகூடக் கிடையாது. ஆனால் அந்தப் பல்லைப் பிடித்திருந்த ஈறும் எலும்பும் கரைந்திருந்தன.

இந்தப் பிள்ளைகளுக்குப் பல் தாமதமாக வரும், சில பற்கள் முளைக்காமலே போகும். இடைவெளி இருப்பதால் சொத்தையும் குறைவாகத் தெரியும், நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம். ஆனால் எதிர்ப்பு சக்தி வேறு மாதிரி இருப்பதால் ஈறு நோய் சின்ன வயதிலேயே வந்து வேகமாக முற்றும். கீழ் முன்பற்களில்தான் முதலில்.

பிரஷ்: சின்னத் தலை, மென்மையான நார். விரலில் மாட்டும் ரப்பர் பிரஷ் வேண்டவே வேண்டாம், என் விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. பிள்ளை தானே பிடிக்க வேண்டுமானால் கைப்பிடியில் பழைய சைக்கிள் கிரிப்பைச் செருகிவிடுங்கள், வழுக்காது. அமுச்சி (அம்மாவின் அம்மா) உமிக்கரியோடு வருவார்கள். "அந்தக் காலத்துல இதானுங் சாமி" என்பார்கள். அது பல்லை அராவிவிடும், அன்பாக வாங்கி வைத்துவிடுங்கள்.

பேஸ்ட்: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்.

இனி, நான் இரண்டு வருடம் தோற்ற இடம். வாஷ்பேசின் முன்னால் நேருக்கு நேர் நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு பிரஷைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிடிவாதம் என்று திட்டியிருக்கிறேன், பாவம். மேல்தாடை சின்னது, தசையும் தளர்வு, நாக்கு வேறெங்கே போகும்?

பின்னால் உட்காருங்கள். பவானி ஜமக்காளத்தை விரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, பையனை முன்னால் உட்கார வைத்து என் நெஞ்சில் சாய்த்துக்கொள்கிறேன். எதிரே கண்ணாடி. இடது கை தாடையைத் தாங்கும், அதன் ஆள்காட்டி விரல் கீழ் உதட்டை இறக்கும். தலையைப் பின்னால் மல்லாத்தக் கூடாது. சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிடிப்பு தளர்வாக இருக்கும். பல் டாக்டர் நாற்காலியைச் சாய்க்கும் முன்பும் இதைச் சொல்லிவிடுங்கள்.

பிரஷைச் சாய்த்து, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் வைத்து மெல்ல அசையுங்கள். கீழ் முன்பற்களின் உள்பக்கம்தான் கஷ்டம். அப்போது "ல்ல்ல்" என்று இழுக்கச் சொல்வேன். நாக்கு நுனி மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அந்த மூன்று விநாடியில் பிரஷைச் செங்குத்தாக விட்டு இரண்டு இழுப்பு. மூச்சு விட்டு, மறுபடி "ல்ல்ல்".

ரத்தம் வந்தால்? நான் பயந்து நான்கு நாள் நிறுத்தினேன், இன்னும் மோசமானது. அழுக்கு தங்கியதால்தான் அந்த ரத்தம். விடாமல் மெதுவாகத் தேய்த்ததில் பத்து நாளில் குறைந்தது. குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 1: பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா, இதய ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு இப்படித் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தார். தினமும் தேய்ப்பதை நிறுத்தவே கூடாது. ஆனால் பல் பிடுங்குவது, ஈறு சுத்தம் செய்வது போன்றவற்றுக்கு முன் சில இதயக் கோளாறுகளுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியிருக்கும். இதய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி, பல் டாக்டரிடம் கொடுங்கள். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை உண்டு என்பதால் இது எல்லோருக்கும்தான்.

பின்சேர்க்கை 2: தர்மபுரிப் பக்கத்திலிருந்து போர் தண்ணீர் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கோடு விழும். பேஸ்ட் அளவைக் கூட்டாதீர்கள், விழுங்க விடாதீர்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 3: பேட்டரி பிரஷ் வாங்கியாகிவிட்டது. முதல் வாரம் வாய்க்குள் வைக்கவே இல்லை. முழங்கை, கன்னம், உதடு என்று சத்தத்தைப் பழக்கினேன். இப்போது முதல் சுற்று அவன், இரண்டாம் சுற்று நான்.