வாடிக்கையாளரின் வயர்லெஸ் கீபோர்ட் வேலை செய்யாதபோது: திருத்துபவருக்கான வழிமுறை

பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ கணினியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கு வருகிறவர், கீபோர்ட்டை மறக்காமல் எடுத்து வருவார்; கீபோர்ட்டின் அலையைப் பெறுவதற்காக யூஎஸ்பி துளையில் செருகப்படும், நகத்தளவே இருக்கும் டொங்கிளை வீட்டிலுள்ள லெப்டொப்பிலேயே விட்டுவிடுவார். பொருளைப் பெற்றுக்கொள்ளும்போதே டொங்கிளைக் கேட்டு வாங்கி, அது செருகப்பட்டிருந்த யூஎஸ்பி துளை எது என்பதையும் பில்லில் குறித்துக்கொள்ள வேண்டும். அதை எடுத்து வருவதற்காக ஒருவரை மீண்டும் மலையேறி இறங்க வைப்பது நியாயமாகாது.

அடுத்ததாக, வாடிக்கையாளரின் கணினியைத் திறப்பதற்கு முன்னரே, அவருடைய கீபோர்ட்டையும் டொங்கிளையும் கடைக் கணினியில் பொருத்தி, நோட்பேடில் எல்லா விசைகளையும் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே ஒழுங்காக எழுதினால் கோளாறு அவருடைய கணினியிலோ அது வைக்கப்பட்டிருக்கும் இடத்திலோ இருக்கிறது. அங்கேயும் எழுதவில்லையென்றால் பெட்டரி, இணைப்பு, கீபோர்ட் ஆகிய மூன்றையும் மட்டும் பார்த்தால் போதும். இரண்டு நிமிடம் எடுக்கும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு விண்டோஸை மீள நிறுவுகிறவர்கள் நம் தொழிலில் அதிகம். நானும் ஒருகாலத்தில் அப்படிச் செய்தவன்தான்.

பெட்டரியை மல்டிமீட்டரால் அளக்கும்போது அது எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். புதிய அல்கலைன் பெட்டரி 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 1.2 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். ஆனால் மீள்மின்னேற்றும் பெட்டரியின் இயல்பான அளவே 1.2 வோல்ட் என்பதால், நல்ல பெட்டரியைத் தவறுதலாக வீசிவிடக்கூடாது. நுவரெலியாவில் தை மாதத்து உறைபனிக் காலையில் பெட்டரியின் வலு குறைந்து திணறும் கீபோர்ட், வெயில் ஏறியதும் தானாகவே எழுதத் தொடங்குவதுண்டு. பெட்டரி அறையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அது அல்கலைன் பெட்டரி கசிந்த காரம். வெறும் கையால் தொடாமல், வினாகிரியில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தகட்டைத் துடைத்து, பின்னர் ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டபின் புதிய பெட்டரியைப் போட வேண்டும். பருவமழைக் காலத்தில் குளிர்ந்த அறையிலிருந்து வந்த கீபோர்ட்டின் உள்ளே ஈரம் கோத்திருக்கவும் கூடும். அதை ஓர் இரவு உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் பார்ப்பதே நல்லது.

இணைப்பைப் பொறுத்தவரை, டொங்கிள் வகைக்கும் புளூடூத் வகைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். டொங்கிள் வகையில் இணைப்பு விபரம் டொங்கிளுக்குள்ளேயே பதிந்திருப்பதால், ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் கீபோர்ட் வழக்கம்போல் எழுதும். புளூடூத்தில் அந்த விபரம் விண்டோஸில் சேமிக்கப்படுவதால், மீள நிறுவியதும் அது அழிந்துவிடும். பழைய பதிவை நீக்கிப் புதிதாக இணைக்க வேண்டும். இந்த வேலையைத் தொடங்குமுன் வயர் கீபோர்ட் ஒன்றைச் செருகி வைத்துக்கொள்வது கட்டாயம், இல்லையேல் பாஸ்வேர்ட் திரையில் மாட்டிக்கொள்வீர்கள். விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயோஸ் அமைப்புத் திரையில் புளூடூத் கீபோர்ட் பொதுவாக வேலை செய்யாது. டொங்கிள் வகையைச் சாதாரண யூஎஸ்பி கீபோர்ட்டாகவே கணினி காண்பதால் அது பெரும்பாலும் வேலை செய்யும். மதர்போர்டை மாற்றியபின், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் விண்டோஸ் தொடங்குமுன்னரே 48 இலக்கத் திறப்பெண்ணைக் கேட்கும் வேளையில் இந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கும்.

தொலைந்த டொங்கிளுக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்த முடியுமா என்று பலர் கேட்பார்கள். மலிவான கீபோர்ட்டுகளில் அது அநேகமாக முடியாது. லொஜிடெக்கின் யூனிஃபையிங் டொங்கிள் ஒன்றில் 6 சாதனங்கள் வரை இணைக்கலாம். ஆனால் 2021இல் வந்த போல்ட் வகைக்கும் அதற்கும் ஒத்துப்போகாது என்பதால், டொங்கிளிலுள்ள குறியைப் பார்த்தே வாங்க வேண்டும்.

கடையில் எழுதி, வீட்டில் எழுதாத கீபோர்ட்தான் திருத்துபவரை அதிகம் அலைக்கழிப்பது. ஆசிரியை ஒருவரின் கணினியை நான் திருத்திக் கொடுத்த மறுவாரம், “தம்பி, ‘வணக்கம்’ என்று அடித்தால் ‘வணகம்’ என்று வருகிறது, சில நேரம் ஓர் எழுத்தே பத்து முறை விழுகிறது” என்று சொல்லிக்கொண்டு அவர் மறுபடியும் வந்துவிட்டார். கடையில் எவ்வளவு அடித்துப் பார்த்தும் ஒரு பிழையும் இல்லை. பிறகு வீட்டில் எப்படி வைத்திருக்கிறார் என்று கேட்டபோதுதான் என் தவறு விளங்கியது. முன்பக்கத் துளையில் இருந்த டொங்கிளை, பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று நான் பின்பக்கத்து நீலநிற யூஎஸ்பி 3.0 துளைக்கு மாற்றியிருந்தேன். பாடக் குறிப்புகளைச் சேமிக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கை அவர் அதற்குப் பக்கத்துத் துளையில் செருகியிருந்தார். கீபோர்ட் பேசுவது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில், யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் மின்னிரைச்சலும் அதே அலைவரிசைப் பகுதியில் பரவுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே விளக்கியிருக்கிறது. மேசைக்கடியிலிருந்த கணினியின் இரும்புப் பெட்டியும் இடையில் நின்று தடுத்ததால், அழுத்திய எழுத்துகளில் பாதிதான் டொங்கிளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரைக் கறுப்புநிற யூஎஸ்பி 2.0 துளையில் செருகி, டொங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. வைஃபை ரூட்டர் கணினிமேலேயே இருந்தால் அதையும் தள்ளி வைக்கவும், முடிந்தால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றவும் சொல்ல வேண்டும்.

சும்மா விட்டுவிட்டுத் திரும்பியதும் கீபோர்ட் உறங்கிவிடுகிறது என்றால், டிவைஸ் மெனேஜரில் யூஎஸ்பி ஹப்பின் மின்சேமிப்பு அனுமதியை நீக்கிப் பார்க்கலாம்.

எழுத்து மாறி வருகிறது என்று கொண்டுவரப்படும் கீபோர்ட்டுகளில் பாதிக்கு மேல் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. தமிழ் 99, சிங்கள விஜேசேகர, ஆங்கிலம் என்று மூன்று அமைப்புகள் ஒரே கணினியில் இருக்கும் நம் ஊரில், விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தி அமைப்பை மாற்றினாலே பல முறைப்பாடுகள் அங்கேயே முடிந்துவிடும். ‘ஜே, கே, எல்’ அடித்தால் 1, 2, 3 விழும் சிறிய கீபோர்ட்டில் நம்லொக் இயங்கிக்கொண்டிருக்கும். நீண்ட நேரம் அழுத்தினால் மட்டுமே எழுத்து விழுகிறதென்றால், குறுகிய அழுத்தங்களைப் புறக்கணிக்கும் விண்டோஸின் ஃபில்டர் கீஸ் வசதி இயங்கியிருக்கக்கூடும். வலப்பக்க ஷிஃப்டை 8 வினாடிகள் அழுத்தினால் அதை இயக்கவா என்று விண்டோஸ் கேட்கும், கவனிக்காமல் ஆம் என்றால் தொடங்கிவிடும்; அந்தக் கேள்வி வருவதற்குப் பிள்ளையின் கொப்பி ஒன்று அந்த விசைமேல் கிடந்தாலே போதும்.

திருப்பிக் கொடுக்கும் நாளில், கணினியைத் தரையிலும் கீபோர்ட்டை வாடிக்கையாளரின் மடியிலும் வைத்து, அவர் பெயரை அவரையே அடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பின்னர், டொங்கிளைச் செருக வேண்டிய துளைக்கு மேல் சிறு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, டொங்கிளைக் கழற்றி கீபோர்ட்டின் பெட்டரி அறையில் அதற்கென இடமிருந்தால் அங்கேயும், இல்லையென்றால் சிறு உறையிலிட்டு கீபோர்ட்டின் அடியில் டேப்பாலும் ஒட்டிக் கொடுத்துவிடலாம். பஸ் நெரிசலில் கணினியில் துருத்திக்கொண்டிருக்கும் டொங்கிள் இடிபட்டால், யூஎஸ்பி துளையும் சேர்ந்தே உடையும்.