வெள்ளரி சாலட் தண்ணீர் விடாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வெள்ளரிப் பச்சடி. காலை எட்டு மணிக்கே வெள்ளரியை நறுக்கி, வெங்காயம், உப்பு, தயிர் எல்லாம் கலந்து மூடி வைத்துவிட்டேன். ஒரு வேலை முடிந்ததே என்ற நிம்மதி. பன்னிரண்டரைக்கு மூடியைத் திறந்தால் தயிர் மோராகியிருந்தது. ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன், ஈரத் துணியைக் கடித்த மாதிரி இருந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பச்சடிப் பாத்திரம் கடைசிவரை அப்படியே இருந்தது.

வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர்தான். கடிக்கும்போது கேட்கும் அந்த ‘நறுக்’ சத்தமும் அந்தத் தண்ணீரால் வருவதே. காயின் ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிறைந்து விறைப்பாக நிற்கிறது, பல் பட்டதும் உடைகிறது. உப்பு தொட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும், செல் தளர்ந்துவிடும். சர்க்கரையும் இதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

ஆகவே வெள்ளரிக்கு இரண்டு வழி உண்டு. தண்ணீர் உள்ளே இருக்கும்போதே நறுக்கி உடனே சாப்பிட்டுவிடுவது ஒன்று. உப்புப் போட்டுத் தண்ணீரை முதலிலேயே வெளியேற்றி, பிழிந்து, அப்புறம் மற்றதைச் சேர்ப்பது இன்னொன்று. முதல் வழியில் கிடைப்பது இளசான நறுக். இரண்டாவதில் கிடைப்பது ஊறுகாய்த் துண்டுக்கு இருக்கும் இறுகிய கடி. எனக்கு இரண்டும் பிடிக்கும். பாதி வழியில் நிற்பதுதான் கெடுதல். உப்பைப் போட்டுவிட்டு, தண்ணீரை வடிக்காமல், நாலு மணி நேரம் ஊறவும் விட்டால் என் தீபாவளிப் பச்சடிதான் கிடைக்கும்.

எந்தக் காய், எதற்கு

இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையிலும் வீட்டுக்குப் பக்கத்து ஈரச்சந்தையிலும் பொதுவாக இரண்டு வகை கண்ணில் படும். குண்டாக, தடித்த தோலோடு இருக்கும் சாதாரண வெள்ளரி ஒன்று. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் இரண்டு வில்லை வைப்பார்களே, குச்சியில் சுட்ட இறைச்சியான சாத்தேவோடு வெட்டிக் கொடுப்பார்களே, அது. மற்றது ஒல்லியாக, கரும்பச்சையாக, மெல்லிய தோலோடு இருக்கும் ஜப்பானிய வெள்ளரி. இதைத் தோல் சீவ வேண்டியதில்லை, விதையும் பிஞ்சாக இருக்கும். நறுக்கி உடனே சாப்பிட இதுதான் சரி. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் எறிவதற்கு ஒன்றும் இருக்காது.

குண்டு வெள்ளரியை மட்டம் என்று நினைக்க வேண்டாம். உப்புப் போட்டுப் பிழியும் முறைக்கு அதன் கெட்டியான சதை நன்றாக ஈடுகொடுக்கும். விதையோடு போடுவதுதான் தவறு. நடுவில் இருக்கும் அந்த வழுவழுப்பான பகுதியிலிருந்துதான் அதிகத் தண்ணீர் கசியும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தேக்கரண்டியால் ஒரே இழுப்பில் வழித்து எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. காம்புப் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் விரலால் லேசாக அழுத்துங்கள். முதலில் தளர்வது அந்த இரண்டு முனைகள்தான். மஞ்சள் ஓடியிருந்தால் முற்றிய காய்.

கசப்புக்கு அம்மா காலத்திலிருந்து முனையை வெட்டி, வெட்டிய துண்டாலேயே நுரை வரத் தேய்ப்போம். கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும் இருப்பதால், தேய்ப்பதைவிட முனையைத் தாராளமாக வெட்டி எறிவதே பலன் தரும். முழுக் காயும் கசந்தால் சாலட்டில் போடாதீர்கள்.

குளிர்பெட்டியில் செய்யும் தவறு

வாங்கி வந்த பிளாஸ்டிக் பையோடு குளிர்பெட்டியின் அடி ஆழத்தில் தள்ளிவிடுகிறோம். வெள்ளரி வெப்பநாட்டுக் கொடி, குளிர் அதற்கு ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் தோலில் குழி விழும், உள்ளே கண்ணாடி மாதிரி நீர்க்கோத்த திட்டுகள் வரும். வீட்டுக் குளிர்பெட்டி 4 டிகிரிக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அதற்காக மேசையில் வைக்கவும் முடியாது. இங்கே பிற்பகலில் 31, 32 டிகிரி, சீக்கிரமே சுருங்கிவிடும். காயைத் துடைத்து, சமையலறைக் காகிதத்தில் சுற்றி, குளிர் குறைவாக இருக்கும் கதவுப் பக்கத்தில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுவதே நல்லது. வாழைப்பழம், தக்காளி பக்கத்தில் வேண்டாம். அவை பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு வெள்ளரியை மஞ்சளாக்கிவிடும்.

கொஞ்சம் வாடிய காயை மீட்கலாம். இரு முனையையும் வெட்டிவிட்டு, முழுக் காயை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் தண்ணீரை இழுத்துக்கொண்டு மறுபடி விறைக்கும். இதை நறுக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டும். உப்பில் பிழிந்த துண்டுகளை ஐஸ் தண்ணீரில் ஊறப்போட்டால், கஷ்டப்பட்டு வெளியேற்றிய தண்ணீரைத் திரும்ப உள்ளே அனுப்புகிறோம் என்றுதான் அர்த்தம்.

‘பெரா லாகி’

உப்பு விஷயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கில் எதிர்வீட்டில் இருந்த மலாய் அத்தை, ‘மக்சிக்’ என்று கூப்பிடுவோம். ஹரி ராயா பெருநாளுக்கு முன்னால் பெரிய பாத்திரம் நிறைய அச்சார் என்ற காய்கறி ஊறுகாய் போடுவார். வெள்ளரியை விரல் நீளத்துக்கு வெட்டி, விதைப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, உப்புப் பிசறி வடிகூடையில் வைப்பார். அப்புறம் வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி முறுக்குவார்.

ஒருமுறை உதவிக்குப் போன நான், நாலு சொட்டு விழுந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டேன். “பெரா லாகி” என்றார். இன்னும் பிழி.

“உடைஞ்சிடாதா மக்சிக்?”

அவர் மூட்டையை வாங்கி, தன் பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினார். பச்சை கலந்த தண்ணீர் பொலபொலவென்று கழுவுதொட்டியில் கொட்டியது. மூட்டையை அவிழ்த்து ஒரு துண்டை எடுத்துத் தன் ஆள்காட்டி விரலைச் சுற்றி வளைத்தார். ரப்பர் மாதிரி வளைந்தது, உடையவில்லை. அதையே என் வாயில் போட்டார். நறுக்கென்று கடிபட்டது. வளையும் ஒன்று எப்படி நறுக்கென்று இருக்கும் என்று எனக்கு அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் போனதும் சதை நெருங்கி இறுகிவிடுகிறது, பல்லுக்குத் தெரிவது அந்த இறுக்கம்தான். இன்றைக்கும் நான் உப்புப் போட்ட வெள்ளரியை விரலில் வளைத்துப் பார்த்துத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.

வீட்டு அளவுக்குச் சொன்னால், அரை கிலோ நறுக்கிய வெள்ளரிக்கு ஒரு தேக்கரண்டி தூள் உப்பு, தலை தட்டி. வடிகூடையில் 20 முதல் 30 நிமிடம். ஐந்து நிமிடத்தில் எடுத்தால் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கும், முடிந்திருக்காது. மீதி உங்கள் தட்டில் வந்து சேரும். வடிகூடை இல்லாமல் கிண்ணத்திலேயே வைத்தால் துண்டுகள் தம் தண்ணீரிலேயே ஊறும். பிழிந்த பிறகு ருசி பாருங்கள். உப்பு அதிகம் என்று பட்டால் ஒரு நொடி அலசி மறுபடி பிழியலாம். சரியாக இருந்தால், மேலே ஊற்றும் கலவையில் உப்பே சேர்க்காதீர்கள். இந்த இடத்தில் கை பழக்கத்தில் இரண்டாம் முறை உப்புப் போட்டு நான் பல தடவை கெடுத்திருக்கிறேன்.

வெட்டும் விதம்

சீவுகட்டையில் காகிதம் மாதிரி சீவினால் பார்க்க அழகு. உப்பில் பிழியும் முறைக்கு அது பொருந்தும். பிழியாமல் சாப்பிடும் சாலட்டுக்கு அது ஆகாது, எலுமிச்சை பட்டதும் துவண்டுவிடும். அதற்கு அரை சென்டிமீட்டர் தடிமனாவது வேண்டும்.

பிழியாத சாலட்டில் எனக்கு மிகவும் பிடித்தது சீன உணவுக்கடைகளில் கிடைக்கும் தட்டிய வெள்ளரி. அகலமான கத்தியின் பக்கவாட்டால் காயை ஓங்கித் தட்டினால் நீளவாக்கில் பிளந்துவிடும். அப்புறம் துண்டு போட வேண்டியதுதான். பிளந்த ஓரங்கள் கரடுமுரடாக இருப்பதால் பூண்டு, சோயா, நல்லெண்ணெய் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் வழுவழுவென்று வெட்டிய துண்டில் எதுவும் ஒட்டாது, எல்லாம் தட்டின் அடியில் தேங்கும். சுவை ஏறவில்லையே என்று இன்னும் சோயா ஊற்றினால் இன்னும் தண்ணீர் விடும். காய் குளிர்ந்திருக்கும்போது தட்டுங்கள். அறைச் சூட்டில் இருந்தால் பிளக்காமல் நசுங்கும்.

தயிரும் தாளிப்பும்

நம் பச்சடிக்கு வருவோம். தயிர் கெட்டியாக இருக்க வேண்டும். வெள்ளரி கொஞ்சம் தண்ணீர் விடத்தான் செய்யும், அதற்கு இடம் வைத்துத்தான் தொடங்க வேண்டும். கடைத் தயிர் இளக்கமாக இருந்தால் மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் வடிகட்டுங்கள். வெங்காயமும் தண்ணீர் விடும், அதையும் ஒரு சிட்டிகை உப்பில் பிசறிப் பிழியலாம். தக்காளி போட்டே ஆக வேண்டும் என்றால் விதையை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். கோசுமரி என்ற பருப்பு சாலட் செய்கிறவர்கள் ஊறவைத்த பாசிப்பருப்பை நன்றாக வடியவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கடுகு தாளித்துச் சுடச்சுட வெள்ளரி மேல் கொட்டுவது பலரும் செய்வது. அந்தச் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சூடான எண்ணெய் பட்ட இடத்தில் வெள்ளரி வெந்துவிடுகிறது. தாளிப்பைத் தனியாக ஆறவைத்துச் சேர்த்தால் வாசனை எங்கும் போய்விடாது. பொடித்த வேர்க்கடலை, தேங்காய்த் துருவல் எல்லாம் பரிமாறும் நேரத்தில்.

எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பும் கடைசியில்தான். நேரம் ஆக ஆக, புளிப்பு பச்சை நிறத்தை மங்கலாக்கிவிடும்.

கொண்டுபோகும்போது

நண்பர் வீட்டு விருந்துக்கு ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்றால் பெரும்பாலும் சாலட் என் தலையில்தான் விழும். ரயிலில் முக்கால் மணி நேரம். கலந்து எடுத்துப் போனால் போய்ச் சேரும்போது குளமாகிவிடும். பிழிந்த வெள்ளரி ஒரு டப்பா, தயிர் ஒரு டப்பா, தாளிப்பு சின்ன பாட்டிலில். குளிர்பைக்குள் ஓர் ஐஸ் கட்டிப் பொட்டலம். அங்கே போய்க் கலக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இங்கே ருசியைத் தாண்டிய காரணமும் இருக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு எச்சரிக்கிறது. நம் அறைச் சூடு அதற்கு நடுவில் இருக்கிறது. தயிர் சேர்ந்த பச்சடியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள். பெரிய பாத்திரத்தில் முழுவதையும் எடுத்து வைப்பதற்குப் பதிலாக, பாதியைக் குளிர்பெட்டியில் வைத்துத் தேவைப்படும்போது எடுக்கலாம்.

வெள்ளரி பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிட மனம் வரவில்லை என்றால், சுத்தமான கிண்ணத்தில் பிடித்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்ட மோரில் அன்றைக்கே கலந்து குடித்துவிடலாம். நல்ல வாசனையாக இருக்கும். அந்த மோருக்குத் தனியாக உப்பு போடாதீர்கள்.