உளவுத் தோல்வி ஒன்றைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஓர் உளவுப் பணி பாழாய்ப்போனது என்று கேட்டதும் எல்லோரும் முதலில் தேடுவது துரோகியை. இரண்டாம் உலகப் போரில், பிடிபட்ட உளவாளிகளின் ரேடியோ வழியாக ஜெர்மானியர் லண்டனை ஏமாற்றிய, நெதர்லாந்தில் 1942 முதல் 1944 வரை நடந்த 'இங்கிலாந்து ஆட்டம்' விஷயத்திலும் அப்படித்தான். லண்டன் அனுப்பிய ஐம்பதுக்கும் மேற்பட்ட உளவாளிகள் ஜெர்மானியரிடம் சிக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் மவுட்ஹவுசன் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். இத்தனை உயிர் போயிருக்கிறது என்றால் உள்ளேயிருந்து யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்று போருக்குப் பின் பலரும் நம்பினார்கள். டச்சு நாடாளுமன்ற விசாரணைக் குழு லண்டனில் துரோகம் நடக்கவில்லை, நடந்தவை தவறுகள் என்ற முடிவுக்கு வந்தது.

அதனால் துரோகியை ஓரமாக வைத்துவிடுங்கள். எச்சரிக்கை வந்து சேர்ந்த மேசையைத் தேடுங்கள். அதை யார் படித்தார், என்ன சமாதானம் சொல்லி ஒதுக்கினார் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பணி எதிரியின் கைக்குப் போன நாள் ஒன்று, தலைமையகம் அதை ஏற்றுக்கொண்ட நாள் இன்னொன்று. பிரிட்டனின் சிறப்பு நடவடிக்கை அமைப்பான எஸ்ஓஇ அனுப்பிய ரேடியோ ஆபரேட்டர் ஹூபர்ட் லாவர்ஸ் ஹேக் நகரில் பிடிபட்டது 1942 மார்ச் 6. ஜெர்மன் ராணுவ உளவுத்துறையான அப்வேரின் ஹெர்மன் கிஸ்கெஸ் லண்டனுக்குக் கேலியாக ஒரு கடைசிச் செய்தி அனுப்பி ஆட்டத்தை முடித்தது 1944 ஏப்ரல் 1. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல். லாவர்ஸ் பிடிபட்டதை விபத்து என்று விட்டுவிடலாம், எதிரி மண்ணில் ஆபரேட்டர்கள் பிடிபடத்தான் செய்வார்கள். ஆராய வேண்டியது அதற்குப் பிறகு ஓடிய காலத்தை.

அடுத்து ஒரு பெரிய தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: தேதி, களத்தில் நடந்தது, தலைமையகத்துக்கு வந்து சேர்ந்தது, தலைமையகம் செய்தது. இரண்டாம் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் கலந்துவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. களத்தில் ஒருவருக்குத் தெரிந்தது லண்டனுக்கும் தெரியும் என்று எழுதிவிட்டால் தீர்ப்பே மாறிவிடும். லாவர்ஸ் விஷயத்தையே பாருங்கள். ஜெர்மானியரின் கட்டுப்பாட்டில் செய்தி அனுப்பும்போது, 'பிடிபட்டேன்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் துண்டு துண்டாக நுழைத்ததாக அவர் பின்னாளில் சொன்னார். அவர் சொன்னதை நம்பலாம். ஆனாலும் அதற்கு இடம் இரண்டாம் கட்டம்தான். லண்டனில் அதை ஒருவர் எழுதி எடுத்த பதிவு கிடைத்தால்தான் மூன்றாம் கட்டத்துக்கு நகர்த்த வேண்டும்.

மூன்றாம் கட்டத்தில் உறுதியாக எழுதக்கூடியது பாதுகாப்பு அடையாளம். ஒவ்வொரு ஆபரேட்டரும் தன் செய்தியில் ஒரு குறிப்பிட்ட பிழையை வேண்டுமென்றே வைக்க வேண்டும். பிழை இல்லையென்றால் ஆள் பிடிபட்டுவிட்டார் என்று பொருள். லாவர்ஸுக்குக் கொடுத்த விதி, பதினாறாவது எழுத்தைத் தப்பாக அடிப்பது. அவர் பிடிபட்டபோது கையில் இருந்த செய்திகளில் அந்தப் பிழை தற்செயலாக, வாக்கிய முடிவைக் காட்டும் 'ஸ்டாப்' என்ற சொல்லில் விழுந்திருந்தது. 'ஸ்டாப்' என்பதை 'ஸ்டிப்', 'ஸ்டெப்' என்று மாற்றுவதுதான் தன் அடையாளம் என்று அவர் ஜெர்மானியரை நம்பவைத்தார். அதன்பின் உண்மையான அடையாளம் இல்லாமலே செய்திகள் போயின. உயிரைப் பணயம் வைத்துச் செய்த காரியம் அது. லண்டனோ தொடர்ந்து பதில் அனுப்பியது, ஆள் இறக்கும் இடத்தைப் பேசி முடிவு செய்தது, மார்ச் மாதம் முடிவதற்குள் அடுத்த உளவாளியையும் பாராசூட்டில் இறக்கியது. கீழே காத்திருந்தவர்கள் ஜெர்மானியர்கள்.

இப்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சரிபார்ப்பது யார்? குறை தெரிந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? கேட்டவருக்கு அடுத்த விமானத்தை நிறுத்தும் அதிகாரம் உண்டா? மூன்றாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால் அந்த ஏற்பாடு பெயருக்குத்தான் இருந்திருக்கிறது. எஸ்ஓஇயில் அடையாளம் இல்லாததைக் குறித்துவைக்க ஆள் இருந்தார்கள். நெதர்லாந்துப் பணிகளைக் கவனித்த பிரிவின் அதிகாரிகளோ ஆபரேட்டரின் அவசரம், ரேடியோ இரைச்சல் என்று காரணம் கண்டுபிடித்தார்கள்.

இங்கே தாளின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்து, ஒவ்வொரு அறிகுறிக்கும் தலைமையகம் சொன்ன சமாதானத்தை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். மேலிருந்து கீழாகச் சேர்த்துப் படியுங்கள். பத்து அறிகுறிக்குப் பத்துச் சமாதானம் தேவைப்பட்டு, 'எல்லோரும் பிடிபட்டுவிட்டார்கள்' என்ற ஒரே வரி பத்தையும் விளக்கிவிடுகிறது என்றால், தோல்வி எந்த வரியில் தொடங்கியது என்று உங்களுக்கே தெரியும்.

வராமல் போனதையும் எழுத மறக்காதீர்கள். எஸ்ஓஇயின் சங்கேதப் பிரிவில் இருந்த லியோ மார்க்ஸ் கவனித்தது அதைத்தான். ஒளிந்திருந்து, பயந்து, மங்கலான வெளிச்சத்தில் சங்கேதம் எழுதுபவர்கள் தப்புச் செய்வார்கள், மற்ற நாடுகளிலிருந்து படிக்க முடியாத செய்திகள் வந்தபடி இருந்தன. நெதர்லாந்திலிருந்து மட்டும் எல்லாம் பிழையின்றி வந்தன. எழுதியவர்கள் பதற்றமின்றி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அவர் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்துக்கு உரிய நேரத்தில் மதிப்புக் கிடைக்கவில்லை.

நேரில் வந்து சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று தனியாகப் பாருங்கள். 1943 ஆகஸ்ட் கடைசியில் பிடிபட்ட உளவாளிகளான பீட்டர் டூர்லைன், பென் உபிங்க் இருவரும் நெதர்லாந்தின் ஹாரன் சிறையிலிருந்து தப்பி, சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்து உண்மையைச் சொன்னார்கள். அதற்குள் ஜெர்மானியர், அந்த இருவரும் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பக்கம் போய்விட்டார்கள் என்று தங்கள் பிடியிலிருந்த ரேடியோ வழியாகவே லண்டனுக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்து வந்ததும் இருவரையும் சந்தேகித்து அடைத்து வைத்தார்கள். ஒரு தகவலைச் சோதிக்க, சந்தேகத்துக்குரிய அதே வழியைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வரியிலும் பாருங்கள்.

எல்லாத் தோல்விக்கும் இந்தத் தாள் அப்படியே பொருந்தாது. 1973 அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கியபோது தகவலுக்குப் பஞ்சமில்லை, கோளாறு மதிப்பீட்டில். அங்கே முதல் வரியாக எழுத வேண்டியது அப்போது ஆட்சி செய்த நம்பிக்கையை: 'தொலைதூர விமானங்களும் ஏவுகணைகளும் கிடைக்கும் வரை எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாமல் சிரியா வராது.' பக்கத்தில் அந்த நம்பிக்கையின் தேதியையும் போடுங்கள். ஒரு காலத்தில் நல்ல ஆதாரத்தின் மேல் நின்ற கருத்துதான் அது. எகிப்து அதிபர் சதாத் 1972 அக்டோபரிலேயே மனம் மாறிவிட்டார், இஸ்ரேலின் ராணுவ உளவுத்துறையான அமான் மாறவில்லை.

அதன்பின் அறிகுறிகளை வரிசைப்படுத்துங்கள். செப்டம்பர் 25-ல் ஜோர்டான் மன்னர் ஹுசேன் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயரிடமே எச்சரித்தார். அக்டோபர் 1, 3 தேதிகளில் பெஞ்சமின் சிமான்-டோவ் என்ற இளம் இஸ்ரேலிய உளவு அதிகாரி, எகிப்தின் 'பயிற்சி' போருக்கான போர்வையாக இருக்கலாம் என்று எழுதினார், மேலதிகாரி அதை மேலே அனுப்பவில்லை. எகிப்திலும் சிரியாவிலும் இருந்த சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் அவசரமாக வெளியேறின.

இவற்றை மட்டும் அடுக்கினால் எல்லோரும் முட்டாள்களாகத் தெரிவார்கள். அது பின்னாலிருந்து பார்ப்பதால் வரும் கோளாறு. பொய்யாய்ப்போன எச்சரிக்கைகளையும் அதே தாளில் எழுதுங்கள். 1973 மே மாதம் போர் வரும் என்று செலவு செய்து ராணுவத்தைத் தயார்ப்படுத்தினார்கள், போர் வரவில்லை. வராது என்று அப்போது சொன்ன அமான் தலைவர் எலி சீராவின் சொல்லுக்கு அக்டோபரில் கூடுதல் எடை இருந்தது அதனால்தான். அக்டோபர் 5 இரவு லண்டனில், இஸ்ரேலுக்கு ரகசியத் தகவல் தந்துவந்த எகிப்தியர் அஷ்ரஃப் மர்வான், இஸ்ரேலின் வெளிநாட்டு உளவுத்துறையான மொசாட்டின் தலைவரிடம் நாளை போர் என்று சொன்னது சரியாக இருந்தது, பொழுது சாயும் நேரம் என்றது தவறு. தாக்குதல் மதியம் 2 மணிக்கே வந்தது.

ஆவணங்களுக்கு வருவோம். எஸ்ஓஇ கோப்புகளில் ஒரு பகுதி 1946-ல் தீயில் போனது. மிஞ்சியவை பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்எஸ் வரிசையில் உள்ளன. மேற்கு ஐரோப்பாவுக்கு எச்எஸ் 6, ஆட்களின் கோப்புகளுக்கு எச்எஸ் 9. கோப்பில் ஒரு தாள் இல்லாததை வைத்தே சதி என்று எழுதிவிடாதீர்கள்.

விசாரணை அறிக்கையைத் திறந்ததும் அதற்குக் கொடுத்த வரம்பை முதலில் படியுங்கள். 1973 போரின் தோல்விகளை விசாரிக்க இஸ்ரேல் அமைத்த அக்ரனாத் குழுவின் இடைக்கால அறிக்கை 1974 ஏப்ரலில் வந்தது. அது ராணுவத் தளபதி டேவிட் எலாசர், சீரா இருவரையும் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. பிரதமர் மேயர் மீதும் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் மீதும் பொறுப்பைச் சுமத்தவில்லை. மக்கள் அதை ஏற்கவில்லை, மேயர் அதே மாதம் பதவி விலகினார். இப்படிப்பட்ட அறிக்கையிலிருந்து தேதிகளையும் சாட்சியங்களையும் எடுத்து மூன்றாம் கட்டத்தை நிரப்புங்கள். அரசியல் தலைமை என்ன செய்தது என்ற நான்காம் கட்டத்துக்குப் பின்னாளில் வெளியான கூட்டக் குறிப்புகளைத் தேடிப் போங்கள்.